முதல் குட்டியின் விலை

தன் வீட்டில் பிறந்து, தன் கையால் பால் குடித்து வளர்ந்த நாய்க்குட்டியைத் தானே காசு கொடுத்து வாங்கவேண்டும் என்று வேன் டிரைவரான புருஷன் வந்து சொன்னபோது, அம்பு அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பேன்ட்டை அவள் உதறிய உதறலில் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி விழித்துக்கொண்டு ஒரு தடவை கத்தியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

டிரைவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"குட்டி அவருதுங்கறாரு எங்க முதலாளி. நமக்கு வேணும்னா வாங்கிக்கலாமாம்."

"யாரோட குட்டிய?"

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் திட்டு நிச்சயம் என்று இத்தனை வருஷக் குடித்தனம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் வாயைத் திறக்காமல் நின்றார். வாயைத் திறக்காததற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

அவளுக்கு அம்பு என்று பெயர் வந்தது ஆயத்த ஆடை ஆலையில். கடைசிப் பரிசோதனை மேசையில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் மலையாக வந்து குவியும். காலர், கை, பட்டி, பொத்தான், கீழ்மடிப்பு என்று அவள் கைகள் சட்டையைப் புரட்டும். நூல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, ஒரு மயிரிழை கோணிய தையல், எது கண்ணில் பட்டாலும் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டை திருத்தத்துக்குப் போகும், இல்லையென்றால் செகண்ட்ஸ் கூடைக்குப் போகும். செகண்ட்ஸ் என்றால் இரண்டாந்தரம். தெருவோரத்தில் குவித்துப்போட்டு, கூவிக் கூவி விற்கிறார்களே, அந்தச் சரக்கு.

தையல் பிரிவுப் பெண்கள் அவள் மேசைப் பக்கம் வரவே பயப்படுவார்கள். "அம்பு அக்கா இன்னிக்கு என்ன மூடுல இருக்காங்க?" என்று ஒருத்தியை விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் வருவார்கள். அவளுக்கு ஒரே ஒரு மூடுதான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை.

வேலையில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? டிரைவர் முகம் மழித்துக்கொண்டு வந்தால் தாடைக்குக் கீழே விட்டுப்போன நாலு முடியைக் காட்டுவாள். மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்பாள். மாப்பிள்ளை அந்தக் கோட்டை அப்புறம் போட்டதே இல்லை. அவள் கோபமும் இப்படித்தான். அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சுடுகிற இரும்புச் சட்டி மாதிரி, தொட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் அவள் கோபத்துக்குத் தீனி நிறையவே கிடைத்தது. ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர் பரிசோதனைப் பிரிவு ஆட்களை ஏ, பி என்று தரம் பிரித்தார். அம்பு அக்காவுக்கு பி. காரணம் கேட்டதற்கு, "நீங்க ரொம்பக் குறை கண்டுபிடிக்கிறீங்கம்மா, உற்பத்தி அடிபடுது" என்றார். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள், கண்டுபிடித்தால் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். இதை எங்கே போய் முட்டிக்கொள்வது? உலகத்தையே ஒரு பிடி பிடிக்கிறவள், மேனேஜர் முன்னால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாயில் வந்ததை விழுங்கியதில் அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்துதான் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிவிடவேண்டும் என்று பணம் சேர்க்க ஆரம்பித்தாள். வாசல் அறையில் மெஷினைப் போட்டு, ஓரம் அடிக்கிற வேலையை எடுத்து, மேனேஜர் முகத்தில் வேலையை விட்டெறிந்துவிட்டு வரவேண்டும். கடையில் போய் மெஷினைப் பார்த்தும் வைத்திருந்தாள். அதிலும் இரண்டு கீறல் கண்டுபிடித்து, விலையில் கொஞ்சம் குறைப்பதாகக் கடைக்காரரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

நாய் இந்த வீட்டுக்கு வந்தது அதற்கெல்லாம் முன்பே. மாடியில் குடியிருந்த குடும்பம் வெளிநாடு போனபோது, இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் லேப்ரடாரை விட்டுவிட்டுப் போனது. இரண்டு மாதம் வருஷக்கணக்கில் நீண்டது. கூடவே ஒரு உறையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் அந்த நாயின் அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் எல்லாம் அச்சடித்த காகிதம். "நம்ம கொள்ளுத்தாத்தா பேரு நமக்கே தெரியாது, இதுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று அம்பு அக்கா அதை பீரோவில் சேலைகளுக்கு அடியில் போட்டு வைத்தாள். தட்டை முன்னால் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்றால்தான் அந்த நாய் சாப்பிடும். அதனால் அதற்கு மேடம் என்று பெயர்.

டிரைவர் ஓட்டுவது டைல்ஸ் கடை வேன். அந்தக் கடை முதலாளியிடம் ஒரு ஆண் லேப்ரடார் இருந்தது. கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களைக் கடையில், குளியலறை டைல்ஸ் மாதிரிகளுக்கு மேலே, வரிசையாக மாட்டி வைத்திருந்தார். டைல்ஸில் வருகிறதைவிட அந்த நாயை இணை சேர்க்க விடுவதில் வருகிற வருமானம் அதிகம் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. மேடத்துக்கும் காகிதம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருநாள் வேனில் வரும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"காசு கீசு எதுவும் வேணாம்ப்பா. முதல் குட்டி எனக்கு. மத்ததெல்லாம் உனக்கு."

"சரிங்க சார்" என்றார் டிரைவர்.

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. ஜாதி நாய் வளர்க்கிற தொழிலில் முதல் குட்டி என்றால், போட்ட குட்டிகளில் எதை வேண்டுமானாலும் முதலில் எடுத்துக்கொள்கிற உரிமை. அதை முதலாளி சொல்லவில்லை, உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டார். டிரைவருக்கு முதல் குட்டி என்றால் முதலில் வெளியே வருகிற குட்டி. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அம்பு அக்காவும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். ஆறோ ஏழோ பிறக்கும், ஒன்று போனாலும் மற்றதை விற்றால் மெஷின் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

பிறந்தது இரண்டுதான். முதல் குட்டி வெளியே வரும்போதே உயிர் இல்லை. இரண்டாவது வராமல் சிக்கிக்கொண்டு, மேடத்தை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதன்பின் மேடம் எழுந்திருக்கவேயில்லை. தட்டை வைத்துவிட்டு அம்பு அக்கா எவ்வளவு தள்ளி நின்றும் அது தலையைத் தூக்கவில்லை. அடுத்த நாளே போய்விட்டது. அம்பு அக்கா அன்று நாய் டாக்டரைத் திட்டினாள், வெளிநாட்டில் இருக்கிற மாடி வீட்டுக்காரர்களைத் திட்டினாள், எதற்கும் இருக்கட்டும் என்று புருஷனையும் திட்டினாள். திட்டி முடித்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மிச்சம் இருந்தது கைப்பிடி அளவு கறுப்பு உருண்டை. கண்கூடத் திறக்கவில்லை. சட்டைகள் வருகிற அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் போட்டு, வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கம் வைத்து, அதற்குள் அதைக் கிடத்தினாள். பால் புட்டியின் ரப்பர் அதன் வாய்க்குப் பெரிதாக இருந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்துக் குழாய் வாங்கிவந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அவள் ஆலையில் இருக்கும் நேரத்தில் டிரைவர் சரக்கு இறக்குகிற இடைவெளியில் வீட்டுக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். மூக்கு சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால் பொத்தான் என்று பெயர் வைத்தார்கள். குட்டி பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமில்லை, அவள் சேலை முந்தானையைக் கடித்துத் தொங்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிற அளவுக்குப் போக்கிரியாகிவிட்டது.

டிரைவர் முதலாளியிடம் அப்போதே சொல்லிவிட்டார். "சார், உங்க குட்டி செத்துப்போச்சு சார். எங்க குட்டி நல்லா இருக்கு." முதலாளி ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினாராம். ஆட்டிய தலைக்கு அர்த்தம் இப்போதுதான் வெளியே வந்தது.

"ஏங்க, இத்தனை நாளா இதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லையா?" என்றாள் அம்பு அக்கா.

"பால் மறக்கட்டும்னு விட்டு வெச்சாராம்."

"ஓகோ! கழுவித் துடைக்கிறது நான், கண்ணு முழிச்சுப் பால் ஊத்தறது நான். வளர்ந்ததும் வந்து எடுத்துட்டுப் போக அவர். முதல் போட்டவனுக்குத்தான் முதல் குட்டியாமா? என்ன முதல் போட்டான் அந்த ஆளு? சொல்லுங்க, என்ன முதல் போட்டான்?"

டிரைவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"இங்க பாரு," என்றார் கடைசியில், "ஞாயித்துக்கிழமை அவரே வந்து பார்த்துட்டு விலை சொல்றாராம். இந்த நாய்ங்க விலையெல்லாம் குறை நிறை பார்த்துத்தான் போடுவாங்களாம். நீ நாலு குறையை எடுத்துவிட்டா, விலை தன்னால இறங்கும். நீதான் அதுல புலியாச்சே."

மகளிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலைம்மா இது. அந்த ஆளு துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடப்போறான் பாரு."

சனிக்கிழமை சாயங்காலம் அம்பு அக்கா பொத்தானைத் தூக்கி ஜன்னலோரம் வைத்து, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் அதை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்க ஆரம்பித்த பிறகு கண் நிற்கவில்லை. நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு. வால் நுனியில் ஒரு கோணல், விரலை வைத்தால் தட்டுப்பட்டது. கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. குட்டி இதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்து அவள் விரலைச் சப்பியது.

"ஏண்டா, வாலை நேரா வெச்சுக்கத் துப்பில்லையா உனக்கு?" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். குறை இருந்ததில் சந்தோஷப்படவேண்டியவளுக்கு ஏனோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டிரைவரிடம் மட்டும், "மூணு இருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, செண்ட் வாசனை, வாசலில் கழற்றாமல் உள்ளேவரை வந்த செருப்பு. அவர் சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்திருந்ததை அம்பு அக்கா முதல் பார்வையிலேயே கண்டுவிட்டாள், சொல்லவில்லை. டிரைவர் தன் வீட்டிலேயே உட்காராமல் சுவரோரம் நின்றார். முதலாளி குட்டியைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தினார்.

"எலும்பு நல்லா இருக்கு. தலை அப்படியே அவங்கப்பன். சரியான ஜாதிக் குட்டி. வெளிய நாப்பதாயிரத்துக்குக் கொத்திக்கிட்டுப் போவான். நீ நம்ம ஆளுப்பா, முப்பத்தஞ்சு கொடு."

மெஷினுக்குச் சேர்த்த பணமே முப்பதுதான்.

அம்பு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், நெஞ்சப் பாருங்க."

"என்ன நெஞ்சு?"

"கறுப்பு நாய்க்கு எதுக்கு சார் வெள்ளைத் திட்டு? சாயம் போன மாதிரி?"

முதலாளி குனிந்து பார்த்தார். "ம்... சின்னதுதான். சரி, இருபத்தஞ்சு."

"வாலப் பாருங்க. நுனியில விரலை வைங்க. அங்க இல்ல, இன்னும் கீழ. தட்டுப்படுதா?"

முதலாளி விரலை வைத்தார். முகம் சுருங்கியது. "அட ஆமா. இது எப்படி? சரி சரி, பதினஞ்சு."

சுவரோரம் நின்ற டிரைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பதினைந்து என்றால் பாதிப் பணம் மிச்சம். அவர் போதும் என்கிற மாதிரி ஒரு இருமல் இருமினார். அம்பு அக்கா காதில் அது விழவில்லை. ஓடத் தொடங்கிய கை அது. மேசைமேல் சரக்கு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, குறை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒன்றைப் பாக்கி விட்டுவிட்டு அவள் எந்தச் சட்டையையும் இதுவரை கீழே வைத்ததில்லை. குட்டியின் உதட்டைக் கட்டைவிரலால் விலக்கிக் காட்டினாள்.

"தாடையப் பாருங்க சார். கீழ்ப்பல்லு வெளிய நிக்குது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே இல்ல."

முதலாளி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் குட்டியை வேற யாராவது வந்து பார்த்தாங்களா?"

"இல்லீங்க சார்" என்றார் டிரைவர்.

"நல்லது. விலையெல்லாம் வேணாம்ப்பா, விடு."

டிரைவர் கைகூப்பியே விட்டார். "சார், ரொம்பப் பெரிய மனசு சார்."

"நான் எடுத்துட்டுப் போறேன். நம்ம டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு ஊசி போட்டுடலாம்."

அறையில் இருந்த இரண்டு பேருக்கும் அது சட்டென்று புரியவில்லை. முதலாளி பொறுமையாக விளக்கினார், டைல்ஸ் வாங்க வந்தவருக்கு வழுக்கும் தரை எது, வழுக்காத தரை எது என்று விளக்குகிற அதே குரலில். "என் நாயைத் தேடி எங்கெங்கயோ இருந்து வர்றாங்க. இப்படிக் கோணத் தாடையோட ஒண்ணு அதுக்குப் பொறந்திருக்குன்னு ஒருத்தன் போட்டோ புடிச்சுப் போட்டான்னா அவ்வளவுதான், ஒருத்தனும் வரமாட்டான். தொழில்ல இதெல்லாம் சகஜம்மா. வலியே இருக்காது. நீங்க துணி ஆலையில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? இது செகண்ட்ஸ்."

அம்பு அக்காவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது.

"செகண்ட்ஸ் சட்டையைக்கூட நாங்க கொளுத்த மாட்டோம் சார்! ரோட்டுல போட்டு விப்போம்! அதையும் நாலு பேரு போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க!"

"கத்தாதீங்கம்மா. குறையெல்லாம் விரல் வெச்சுக் காட்டினது நீங்கதானே?"

அது உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. முதலாளியின் மேல் கோபம். சுவரோடு சுவராக நின்ற புருஷன் மேல் கோபம். மேசை விளிம்புக்கு வந்து, கீழே இறங்க வழி தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்த குட்டியின் மேல்கூடக் கோபம். எல்லாவற்றையும்விடத் தன் விரலின் மேல்தான் அவளுக்குக் கொலைவெறி வந்தது. பதினைந்தில் நின்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பதினைந்தை எடுத்துக் கொடுத்திருந்தால், இந்நேரம் அந்த மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு, இல்லை, மாட்டியிருந்த செருப்போடு கிளம்பியிருப்பான். அவளே அம்பு ஒட்டி, அவளே கூடையில் தள்ளிவிட்டாள்.

குட்டியை மேசையிலிருந்து வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பதினஞ்சு சொன்னீங்க. தர்றேன்."

"அது தாடையப் பார்க்கிறதுக்கு முன்னாடி."

"இருபது."

"காசு விஷயம் இல்லம்மா."

"இருபத்தஞ்சு."

முதலாளி அவளை விசித்திரமாகப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்தவர், வாங்குகிறவர் வாயால் விலை ஏறி அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. காசு விஷயம் இல்லை என்றவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பது" என்றாள் அம்பு அக்கா. அதற்குமேல் அவளிடம் இல்லை.

"முப்பத்தஞ்சு" என்றார் முதலாளி. "முதல்ல சொன்ன விலை. அதோட, என் நாய் பேரை எங்கயும் சொல்லக்கூடாது. காகிதம் எதுவும் நான் தரமாட்டேன். உங்க நாயோட காகிதம் இருக்கில்ல, அதையும் என்கிட்டக் கொடுத்துடணும். யார் கேட்டாலும் இது தெருநாய். சம்மதமா?"

ஜாதிக் குட்டிக்கான விலையை முழுசாக வாங்கிக்கொண்டு, ஜாதியைக் கழற்றிவிட்டுத் தருகிறேன் என்கிறார். இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா? அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"முப்பதுக்கு மேல இல்ல சார்."

டிரைவர்தான். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"முப்பதுதான் இருக்கு சார். அதை வாங்கிக்குங்க. குட்டி இந்த வீட்டை விட்டு வெளிய போனா, நாளைக்குக் காலையில வண்டிச் சாவி உங்க மேசையில இருக்கும்." சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "ஊசி விஷயத்தையும் வெளிய நாலு பேர்கிட்டச் சொல்லுவேன் சார். எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டறது ஒண்ணுதான். நாள் முழுக்க நாலு கடையில சரக்கு இறக்கறேன். சொல்றதுக்கு ஆள் இருக்கு."

அம்பு அக்கா புருஷனைப் பார்த்தாள். இந்த வாய் இத்தனை நேரம் எங்கே போயிருந்தது என்று அவளுக்கு அதற்கும் ஒரு கோபம் வந்தது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள்.

முதலாளி முப்பதுக்குத் தலையை ஆட்டினார்.

இந்தத் தடவை அந்தத் தலையாட்டலை அம்பு அக்கா நம்பவில்லை. "வாயால சொல்லுங்க. குட்டி யாருது?"

"உங்களுதும்மா."

"எந்தக் குட்டி?"

"இந்தக் குட்டிதான்."

"முதல் குட்டி, கடைசிக் குட்டி, நடுக் குட்டின்னு நாளைக்கு எதையாவது சொல்லிக்கிட்டு வந்து நிக்க மாட்டீங்களே?"

"மாட்டேம்மா."

அவள் குட்டியைக் கீழே விடாமலே உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். பணத்தையும், சேலைகளுக்கு அடியில் கிடந்த உறையையும் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். முதலாளி பணத்தை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். உறையைப் பிரித்து, மேடத்தின் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"நல்லாப் பார்த்துக்குங்க" என்று ஒப்புக்குச் சொன்னார்.

"இத்தனை நாளும் நீங்க வந்தா பார்த்துக்கிட்டீங்க? கிளம்புங்க. காலரை மடிச்சு விட்டுக்கிட்டுப் போங்க, அசிங்கமா இருக்கு."

முதலாளி கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனபடியே படி இறங்கினார். டிரைவர் வழக்கப்படி வழியனுப்ப ஓரடி எடுத்து வைத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

அதன்பிறகு அவர்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. அவள் பேசியதெல்லாம் பாத்திரங்களோடுதான். மெஷின் கடைக்காரர் போன் செய்தபோது, "வேற யாருக்காவது வித்துடுங்க, கீறல் ரெண்டையும் சொல்லி வில்லுங்க" என்று வைத்துவிட்டாள். ஆலையில் சிவப்பு ஸ்டிக்கர் முன்னைவிட வேகமாகத் தீர்ந்தது. அவள் ஒட்டுகிற வேகத்தைப் பார்த்து மேனேஜரே அந்தப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, முந்தானையைப் பிடித்துத் தொங்க ஒரு ஜீவன் ஓடிவரும். அப்போது மட்டும் அவள் வாயிலிருந்து வருகிற திட்டில் சூடு கொஞ்சம் குறைவாக இருக்கும்.

தடுப்பூசிகள் முடிந்து, பொத்தானை வெளியே கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு நாள் கழுத்துப்பட்டையும் கயிறுமாக அவள் அதைப் படியிறக்கினாள். கீழ்வீட்டுக்காரி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து குனிந்தாள்.

"அடடா, என்னமா பளபளன்னு இருக்கு! ஜாதி நாயா அக்கா?"

"இல்ல."

"அப்ப சும்மா வந்ததா?"

"முப்பதாயிரம்."

கீழ்வீட்டுக்காரி வாயில் கையை வைத்தாள். "ஜாதியில்லாத நாய்க்கு முப்பதாயிரமா?"

"ஆமா. ஜாதி வேணாம்னு விடறதுக்கு அவ்வளவு ஆச்சு" என்றாள் அம்பு அக்கா. கடைசிப் படியில் இறங்கத் தெரியாமல் முன்னங்காலை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்ற பொத்தானைப் பார்த்து, "இறங்கித் தொலைடா, எவ்வளவு நேரம் நிக்கிறது" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.